வகுப்பை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை

எஸ்.பி.எம். நெருங்கினா வீட்டுல முதல்ல நிக்கிறது பரத வகுப்புதான். "இந்த வருஷம் படிப்பு முக்கியம், அப்புறம் பார்க்கலாம்" என்று பெற்றோர் கோயில் மண்டபத்தில் வந்து சொல்வது எங்களுக்குப் பழகிப்போன பேச்சு. அப்படி நின்ற பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஆனா நடனமும் ஒரு படிப்பாகத்தான் வளர்ந்தது. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தியவர்கள், சரபோஜி மன்னர் அவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். அதுக்கு அடிப்படை அடவு. தட்டடவை முதல் காலத்தில் தாளத்துக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் மட்டும் மாறாது. ஏழு வயசுப் பிள்ளை பெருக்கல் கணக்கைக் காலால் போடுது! பிறகு 3, 4, 5, 7, 9 என்று ஐந்து நடைகள். (இதனால கணிதத்தில் மார்க் கூடும்னு நாங்க சொல்ல மாட்டோம். அப்படி விளம்பரம் செய்வது எங்களுக்குப் பிடிக்காது.) பதத்துக்கு அபிநயம் பிடிக்க வரிக்கு வரி பொருள் தெரியணும். தேசியப் பள்ளிக்குப் போகிற சில பிள்ளைகள் தமிழுக்குப் பொருள் கேட்கிற ஒரே இடம் இந்த வகுப்புதான்.

இந்தக் கல்வியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிக் குடும்பப் பெண்களும் நட்டுவனார்களும். ஊர் அவர்களை இழிவாகப் பேசிய காலத்தில்தான் ருக்மிணி தேவி, தஞ்சை நால்வர் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-இல் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பழைய குடும்பங்கள் பலவும் மேடையை விட்டே மறைந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நம்ம ஊருக்கு வருவோம். 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதைக் கட்டி வளர்த்தவர்கள் கோபால் ஷெட்டி–ராதா ஷெட்டி, சிவதாஸ்–வத்சலா என்ற இரண்டு நடனத் தம்பதிகள். 1983-இல் சூத்ராவைத் தொடங்கிய ரம்லி இப்ராஹிம் காஜாங்கில் பிறந்த மலாய்க்காரர். ஆஸ்திரேலியாவில் இயந்திரவியல் படித்தவர், அடையாறு லட்சுமணனிடம் பரதம் கற்றவர். 2018-இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவருக்கு அது வாழ்க்கை, நம்ம வீட்டுல அது இன்னும் "எக்ஸ்ட்ரா கிளாஸ்".

தேர்வு வருஷத்துப் பிள்ளைகளை முழுசா நிறுத்திடாதீங்க. சனிக்கிழமை ஒரு மணி நேரம் அனுப்புங்க, போதும். புது உருப்படி எதுவும் வேண்டாம், அடவு மட்டும் செய்யட்டும். ஆசிரியரிடம் நாங்க பேசிக்கிறோம்.