முதல் தும்மல்

தொண்டையில் மெல்லிய கரகரப்பு, மூக்கினுள் நமைச்சல், அடுத்தடுத்து இரண்டு தும்மல். சளி பிடிக்கப்போகிறது என்று உடல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. உடனே வீட்டில் சுக்கும் மிளகும் இடிபடும். ஆவி பிடிக்க நொச்சி இலை கொதிக்கும். தொடக்கத்திலேயே தடுத்துவிடலாம் என்னும் நம்பிக்கை நம் எல்லாருக்கும் உண்டு. இது எவ்வளவு தூரம் இயலும்? சளி ஒன்றையே 44 ஆண்டுகள் பொறுமையுடன் ஆராய்ந்த ஓர் ஆய்வகத்தின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் செஞ்சிலுவைச் சங்கமும் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையை எழுப்பின. போர்க்காலத்தில் கொள்ளைநோய் பரவக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். போர் முடிந்தபின், 1946-இல், அதே கட்டடங்களில் சளி ஆய்வகம் தொடங்கப்பெற்றது. கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் அதற்கு வித்திட்டார். பின்னாளில் டேவிட் டிரெல் அதை வழிநடத்தினார். 1990-இல் மூடப்படும்வரை பல்லாயிரவர் தாமாகவே முன்வந்து அங்குத் தங்கினர். ஏறத்தாழ பத்து நாள்கள் இருவர் மூவராகப் பிறரிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்தனர். அவர்களது மூக்கில் சில துளிகள் விடப்பட்டன. சிலருக்கு நோய் தரும் நச்சுயிரி கலந்த துளி. சிலருக்குத் தீங்கற்ற நீர். தமக்குக் கிடைத்தது எது என்பதை அவர்கள் அறியார். அவர்கள் பயன்படுத்திய காகிதக் கைக்குட்டைகளை எண்ணி மருத்துவர்கள் நோயின் கடுமையை அளந்தனர்.

நனைந்தால் சளி பிடிக்கும் என்பது உலகெங்கும் அன்னையர் சொல்லும் அறிவுரை. ஆண்ட்ரூஸ் இதையும் சோதித்தார். வெந்நீரில் குளித்தவர்களை ஈரத்துடன் குளிர்காற்று வீசும் இடத்தில் நிறுத்தினார். ஈரக் காலுறைகளை அணியச் செய்தார். அவர்களுக்குச் சளி மிகுதியாக வரவில்லை. ஆனால் 2005-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வில், குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால்களை வைத்திருந்த 90 பேரில் 13 பேர், அடுத்த சில நாள்களில் சளி கண்டதாகக் கூறினர். அவ்வாறு செய்யாத 90 பேரில் 5 பேரே அப்படிக் கூறினர். அன்னையரின் சொல்லை முற்றிலும் தள்ளவும் இயலவில்லை. முழுதும் கொள்ளவும் இயலவில்லை.

மருந்துகளின் கதையும் இத்தகையதே. மூக்கில் தெளிக்கப்பட்ட இன்டர்ஃபெரான் சளியைத் தடுத்தது என்று 1973-இல் சாலிஸ்பரி ஆய்வு காட்டியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. நாள்பட்ட பயன்பாட்டில் அது மூக்கைப் புண்படுத்தியமையால் வீட்டு மருந்தாக நிலைக்கவில்லை. 1970-இல் லைனஸ் பாலிங் தம் நூலில் வைட்டமின் சி-யைப் போற்றினார். பிற்காலச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாள்தோறும் அதை உண்ட பெரியவர்களுக்குச் சளியின் காலம் ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்தது. தும்மல் தொடங்கியபின் உண்டவர்களுக்கு உறுதியான பயன் தெரியவில்லை. சளி தரும் ரைனோவைரஸில் மட்டுமே 150-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவை அனைத்தையும் வெல்லும் ஒரே மருந்து எளிதில் கிட்டாததில் வியப்பில்லை.

சாலிஸ்பரியின் இறுதிக்கால ஆய்வுகளுள் ஒன்று நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைக்கிறது. 394 பேரின் மன அழுத்தத்தை முதலில் அளந்து, பின்னர் அவர்களது மூக்கில் நச்சுயிரித் துளிகளை விட்டனர். 1991-இல் வெளியான முடிவின்படி, அழுத்தம் மிகக் குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினர் சளியுற்றனர். மிக மிகுந்தவர்களில் 47 விழுக்காட்டினர் சளியுற்றனர். உள்ளத்தின் சுமையை உடலும் சேர்ந்தே சுமக்கிறது.

இதைப் படித்தபோது நமக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், ஓயாத வேலை. தொண்டை கரகரத்தது. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, படுத்த படுக்கையாய் இருந்த மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றோம். அவர் கையைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அடுத்த வாரம் அவருக்கு இருமலும் காய்ச்சலும் கண்டன. தேறிவர ஒரு மாதம் ஆயிற்று. நம்மிடமிருந்துதான் தொற்றியது என்று எவரும் கூறவில்லை, நாமும் அறியோம். ஆயினும் அன்று நாம் போகாமல் இருந்திருக்கலாம். நாம் இல்லாவிடில் எதுவும் நடவாது என்ற எண்ணமே நம்மை அங்கு இட்டுச் சென்றது.

கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், அதை விடவேண்டியதில்லை. அத்துடன், முதல் தும்மல் வந்த அன்றே சில வேலைகளைத் தள்ளிவைப்போம், நேரத்தோடு உறங்குவோம், கைகளைக் கழுவுவோம், பச்சிளங் குழந்தையையும் முதியோரையும் நெருங்காதிருப்போம். யாரோ அறியாதவர்களின் நலனுக்காகச் சாலிஸ்பரியில் பத்து நாள்கள் ஒதுங்கியிருந்தோர் பல்லாயிரவர். நம் வீட்டு முதியவருக்காக இரண்டு மூன்று நாள்கள் ஒதுங்கியிருப்பது நமக்கு அரிதா?