ஜனாதிபதியின் 'பாக்கெட் வீட்டோ'

வீட்டோ என்றதும் ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஐந்து வல்லரசுகள்தான் நம் நினைவுக்கு வரும். நம் ஜனாதிபதியிடமும் அத்தகைய அதிகாரம் உண்டு. அது உபயோகிக்கப்பட்ட ஒரு சம்பவத்தை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அரசியல் சாசனத்தின் 111-வது ஷரத்துப்படி, இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், பண மசோதாவாக இல்லாவிடில் மறுபரிசீலனைக்குத் திருப்பியும் அனுப்பலாம். திருப்பியது மீண்டும் நிறைவேறி வந்தால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். ஆனால் இத்தனை நாளுக்குள் என்று கெடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஞாயிறு நீங்கலாக 10 நாள் கெடு உண்டு. இந்த இடைவெளியில் பிறந்ததே 'பாக்கெட் வீட்டோ'.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஃபைலில் 'மறுக்கிறேன்' என்றால் காரணம் எழுத வேண்டும். 'பேசவும்' என்று எழுதி வைத்தால் போதும், ஃபைல் மாதக்கணக்கில் தூங்கும். யார் மீதும் பழி வராது. என் சர்வீஸில் இப்படித் தூங்கிய ஃபைல்கள் ஏராளம்.

1986-ல் ராஜீவ் காந்தி அரசு தபால் சட்டத் திருத்த மசோதாவை பார்லிமெண்டில் நிறைவேற்றியது. தபாலில் செல்லும் கடிதங்களை இடைமறிக்க அரசுக்குள்ள அதிகாரத்தை அது மேலும் விரிவாக்கியது. பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. ஜனாதிபதி ஜெயில் சிங், 1987 ஜூலையில் பதவிக்காலம் முடியும் வரை அதில் கையெழுத்திடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்து வந்தவர் பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். ஆட்சி மாறியபின் 1990 ஜனவரியில் அவர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். 2002-ல் அது வாபஸ் ஆயிற்று.

இதற்கு மாறாக, 2006 மே மாதம் அப்துல் கலாம் 'ஆதாயம் தரும் பதவி' மசோதாவை வெளிப்படையாகத் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்ட் அதையே மீண்டும் நிறைவேற்றியது. ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். ஆக, வாய் திறந்தவருடைய ஆட்சேபம் சில மாதமே நின்றது. மௌனம் காத்தவருடையது மசோதாவையே முடக்கியது!

அப்படியானால் மௌனமே சிறந்ததா? எனக்கு உடன்பாடில்லை. இன்று ஒரு நல்ல காரியத்துக்கு உதவிய மௌனம், நாளை மக்களுக்குத் தேவையான சட்டத்தையும் முடக்கும். ராஜ்பவன்களில் மசோதாக்கள் தேங்கியது பற்றிய தமிழ்நாட்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2025 ஏப்ரலில் கெடு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள், கோர்ட் கெடு விதிக்க முடியாது என்று கருத்துக் கூறினர். காரணமின்றி நெடுநாள் தாமதித்தால் மட்டும், முடிவெடுக்கும்படி கோர்ட் சொல்லலாம் என்றனர்.

கெமிஸ்ட்ரியில் 'இன்ஹிபிட்டர்' என்று ஒன்று படித்திருக்கிறேன். அது வினையின் வேகத்தைக் குறைக்கும். வினை நடக்கவே கூடாது என்று உத்தரவாதம் தராது. வீட்டோவும் அப்படித்தான். 2023-ல் நிறைவேறிய புதிய தபால் சட்டத்தின் 9-வது பிரிவு, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தபாலை இடைமறித்துத் திறக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2024 ஜூனில் அது அமலுக்கும் வந்துவிட்டது.

ஜனாதிபதி நமக்கு வாங்கித் தரக்கூடியது அவகாசம் மட்டுமே. அதை உபயோகித்து விழித்திருக்க வேண்டியவர்கள் பிரஜைகளாகிய நாம்தான்.