பொன்னில் மலர்ந்த இயற்கை

தமிழரின் பழைய அணிகலன்களுக்கு இயற்கை வடிவைத் தந்தது, பெயரைத் தந்தது, நிறுக்கும் எடையையும் தந்தது. பொற்கொல்லர் தராசுத் தட்டில் இட்ட குன்றிமணியும் மஞ்சாடியும் விதைகளே. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், திருமேனிகளுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களின் எடையை இந்த அளவைகளாலேயே குறிக்கின்றன.

வடிவங்களோ கண்முன் நின்ற கொடியிலும் காயிலும் நீரிலும் கண்டெடுத்தவை. மாங்காய் மாலையில் நுனி வளைந்த சிறு மாங்காய்கள் செங்கற்கள் பதித்து வரிசையாகத் தொங்குகின்றன. மல்லிகைமொட்டு மாலையில் விரியாத அரும்புகள் பொன்னாகின்றன. மணமகளின் சடைநாகத்தில் படமெடுத்த பாம்பு மேலே நிற்க, பின்னலின் வழியே பூவேலைப்பாடு இறங்கிக் குஞ்சலத்தில் முடிகின்றது. உச்சிக்கு இருபுறமும் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் அமைகின்றன.

இம்மரபின் தொன்மையை ஒரு சிறு மோதிரத்தைக் கொண்டே அறியலாம். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில், தலைவன் பாசறையில் இருக்க, அரண்மனையில் தனித்திருக்கும் அரசி பொன்வளைகளைக் களைந்துவிட்டாள். அவள் முன்கையில் சங்குவளையும் காப்புநூலும் மட்டுமே உள்ளன. ஆயினும் விரலில் ஒரு மோதிரம் நீங்காதிருக்கிறது. அது வாளைமீனின் பிளந்த வாயைப்போல வளைத்துச் செய்யப்பட்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கோவலனோடு கடற்கரைக்குச் செல்லுமுன் அடிமுதல் முடிவரை தன்னை அணிசெய்துகொள்கிறாள். இளங்கோவடிகள் ஒவ்வோர் அணியாகப் பெயர் சொல்லி வருகையில், அவள் விரலிலும் அதே வாளைவாய் மோதிரம் இடம்பெறுகிறது. பிரிவில் வாடும் அரசிக்கும் விழாக்கோலம் பூணும் ஆடல்மகளுக்கும் பொதுவாய் நின்ற வடிவம் அது.

அம்மோதிரங்கள் இன்று நம் கையில் இல்லை. அவற்றின் வடிவம் தெரிவது எங்ஙனம்? சொல்லால்தான். பாடல் மீனின் வாயைச் சொன்னது. உரையாசிரியர்கள் அதனை முடக்கு மோதிரம் என்று விளக்கினர். இன்றும் நம் இல்லங்களில் வழங்கும் நெளி மோதிரத்தைக் காண்போர்க்கு அவ்வளைவு அயலானதன்று.

அடிகளைச் சமணத் துறவியாகப் போற்றுவது தமிழ் மரபு. பற்றனைத்தும் துறந்த ஒருவர் பரியகமும் நூபுரமும் சூடகமும் இன்னவென்று பிழையறச் சொன்னது வியப்புக்குரியது. அணியைத் துறத்தல் வேறு. அதனைச் செய்த கைகளின் அறிவைப் புறக்கணித்தல் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். சமணரான மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, தன் பெயரிலேயே முடிமணியைத் தாங்கியது. அதன் பன்னிரண்டு தொகுதிகளுள் மரப்பெயர்த் தொகுதி செடிகொடிகளின் பெயர்களையும், செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி மனிதன் ஆக்கிய பொருள்களின் பெயர்களையும் காக்கின்றன. திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் அதனை மனப்பாடம் செய்தனர்.

அச்சொற்களும் அழியும் நிலை வந்ததுண்டு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியிராவிடில், செல்லரித்த ஏடுகளோடு பல அணிகளின் பெயர்களும் மறைந்திருக்கும். சிந்தாமணிப் பதிப்பின்போது அவருடைய ஐயங்களைத் தீர்த்துத் துணைநின்றவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். அவர்தம் இல்லங்களில் அந்நூல் பயிலப்பட்டு வந்தமையே அவருக்கு வழிகாட்டிற்று.

பொன்னின் இயல்பு உருகுதல். பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்வது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். பாட்டியின் மாங்காய் மாலை பேத்தியின் சங்கிலியாகிறது. பொன் எடை குறையாமல் கைம்மாறலாம். வடிவமும் பெயரும் உலையிலேயே நின்றுவிடுகின்றன. அழித்துச் செய்வதைத் தடுத்தல் எல்லார்க்கும் இயலாது. ஆனால் உலைக்குச் செல்லுமுன் அந்த நகையின் பெயர், வடிவம், எடை, அணிந்தவர் பெயர் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதிவைப்பது எவர்க்கும் இயலும். வாளைமீனின் வாய் நம்மை வந்தடைந்தது பொன்னால் அன்று; அதனை எழுதிவைத்தவர்களால்.