மோட்டார் வாகன விபத்து இழப்பீடு (இந்தியா)

சாலை விபத்தில் காயமடைந்தவரும், உயிரிழந்தவரின் குடும்பத்தாரும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பெறும் தொகையே விபத்து இழப்பீடு. ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு வேறு, இது வேறு. அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வழிகள் மூன்று. ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவி முழு இழப்பையும் கோருவது 166ஆம் பிரிவு. யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தருவது 164ஆம் பிரிவு. மோதிவிட்டுத் தப்பிய வாகனம் இன்னதென்றே தெரியாவிட்டால், 161ஆம் பிரிவின்படி முறையே 2 லட்சம், 50,000 ரூபாய்.

166ஆம் பிரிவு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம் இவ்வழக்குகளை விசாரிக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், பெரும்பாலும் பணம் தருவது காப்பீட்டு நிறுவனமே.

தொகையைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் வாய்பாடு வகுத்தது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 32 வயது சுயதொழிலாளி, மனைவியையும் இரு பிள்ளைகளையும் விட்டு இறந்தார் என்று கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவரது சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000, ஆண்டுக்கு 1,68,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக, 26,88,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவும் துணையை இழந்ததற்கான தொகையும் தனி.

காயம்பட்டவர்களுக்கு மருத்துவச் சான்றில் உள்ள ஊன சதவீதம் மட்டும் போதாது. பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பதே அளவு என்கிறது ராஜ்குமார் தீர்ப்பு (2011). இடக்கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரலாம், தச்சரால் முடியாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணிக்க வேண்டும் என்பதைக் கீர்த்தி வழக்கு (2021) வலியுறுத்தியது. சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு எல்லாம் பொருளாதார மதிப்புள்ள வேலை என்று நீதிமன்றமே ஏற்றது பெரும் நியாயம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதித்தது; அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை ரசீதுகள், சம்பளச் சான்று ஆகியவற்றை உடனே திரட்டுவது அவசியம். தீர்ப்பில் குறையிருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சமரசத்துக்கு இசைந்தால் மக்கள் நீதிமன்றத்திலும் முடித்துக்கொள்ளலாம்.