டீசல் பம்ப்: நெடுநாள் இயங்காத யந்திரங்களில்

எரிபொருளைக் குறித்த அளவில், குறித்த க்ஷணத்தில், மிகுந்த அழுத்தத்துடன் நாசிலுக்கு அனுப்பும் டீசல் இன்ஜெக்ஷன் பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. பனி பெய்யும் பிரதேசங்களில், பனிவாரும் வண்டி கோடையிலும் டிராக்டர் குளிர்காலத்திலும் சும்மா கிடப்பது சகஜமாதலால், பம்பின் கோளாறுகளும் பருவத்தை அனுசரித்தே தலைகாட்டுகின்றன.

பம்பினுள் டீசலை அழுத்தும் பிளஞ்சருக்கும் அது நகரும் உருளையான பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே; ஆகவே, தேங்கிய டீசல் பிசினாகித் தடித்தாலும், தொட்டிச் சுவரில் வியர்த்திறங்கிய நீர் துருவேற்றினாலும், வரிசைப் பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் இறுகும், சி.ஏ.வி. டி.பி.ஏ. ரோட்டரிப் பம்பில் மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொள்ளும். பழைய ரூசா மாஸ்டர் பம்பிலோ, உள்ளிருக்கும் நெகிழ்வளையம் உதிர்ந்து ரிட்டர்ன் வழியை அடைக்கும்.

எனினும், பம்பின்மீது பழிபோடுமுன் பழைய டீசலை வடித்து, ஃபில்டரை மாற்றி, ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழியற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். பாதிக் கோளாறுகள், நமது அபிப்பிராயத்தில், இங்கேயே தீர்ந்துவிடும். ரேக் முழு டீசல் நிலையில் இறுகியிருப்பின் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடுமாதலால், காற்றுவழியை அடைத்து அதை நிறுத்தப் பலகையொன்றை முன்னரே வைத்துக்கொள்வது விவேகம். நாசில் பீச்சும் டீசல் தோலைத் துளைக்கும். அதன்முன் கையை நீட்டலாகாது. கழற்ற நேர்ந்தால், பிளஞ்சரையும் பேரலையும் ஜோடி மாற்றிப் பொருத்தக் கூடாது.