கோடு நகர்ந்தது, பல்கலைக்கழகமும் நகர்ந்தது

'இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய எல்லைகள்' என்று பரீட்சையில் கேள்வி வரும். யால்டா, போட்ஸ்டாம், ஓடர்-நைஸ என்று எழுதி எல்லாரும் தப்பித்திருக்கிறோம். அந்தக் கோடு ஒரு பல்கலைக்கழகத்தின் மேல் விழுந்த கதை நோட்ஸில் கிடையாது. பழைய மாணவர் மலருக்கு அதுதானே பொருத்தம்?

போருக்கு முன் போலந்தின் கிழக்கே இருந்த நகரம் லுவுஃப். மன்னர் யான் காசிமிர் 1661-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே. 1930-களில் ஸ்டெஃபான் பனாக், மஸூர், ஊலாம் எல்லாம் 'ஸ்காட்டிஷ் கஃபே' என்ற காபிக்கடையில் உட்கார்ந்து மேஜைக் கல்லிலேயே கணக்குப் போடுவாங்களாம். துடைத்தால் போச்சே என்று பனாக்கின் மனைவி ஒரு கெட்டி நோட்டு வாங்கித் தந்தார். அதில் 153-ஆவது கணக்குக்கு மஸூர் அறிவித்த பரிசு உயிருள்ள ஒரு வாத்து!

1941 ஜூலையில் ஜெர்மானியர் அந்நகரப் பேராசிரியர்கள் 20 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். தப்பியவர்களுக்கு 1945 பிப்ரவரியில் யால்டா வந்தது. ஸ்டாலின் பிடித்துக்கொண்டது 'கர்சன் கோடு'. 1905-இல் வங்காளத்தைப் பிரித்தாரே, அதே கர்சன் பிரபுதான்! 1920-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அவர் பேரில் வந்த கோடு. லுவுஃப் சோவியத் பக்கம் போயிற்று. போலந்து கிழக்கில் இழந்தது சுமார் 1,80,000 சதுர கி.மீ.; மேற்கில் ஜெர்மனியிடமிருந்து பெற்றது சுமார் 1,00,000. கட்டிலை நகர்த்துவது மாதிரி ஒரு நாட்டையே மேற்கே தள்ளிப் போட்டார்கள்.

லுவுஃப் ஆசிரியர்கள் பலர் ரயிலேறி இறங்கிய ஊர், ஜெர்மானியரின் பிரெஸ்லௌ. புதுப் பெயர் வ்ரோத்ஸ்வாஃப். 1702-இல் தோன்றிய, மாக்ஸ் போர்ன் படித்த பல்கலைக்கழகம் அங்கே இருந்தது. அதன் ஜெர்மானியர்களுக்கும் ஊர் இல்லாமல் போனது. மனிதத்தன்மையோடு வெளியேற்ற வேண்டும் என்று போட்ஸ்டாமில் எழுதினார்கள்; நடந்தது அப்படியில்லை. 1945 நவம்பரில் போலிஷ் மொழியில் வகுப்பு தொடங்கியது. ஒஸொலினெயும் நூலகத்தில் ஒரு பகுதிதான் பின்னால் வந்து சேர்ந்தது.

லுவுஃப் உக்ரைனியருக்கும் சொந்த ஊர்தான். போலந்து ஆட்சியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர்கள் மொழிக்கு உரிய இடம் தரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று அது உக்ரைனின் லிவிவ். பல்கலைக்கழகத்துக்குக் கவிஞர் இவான் ஃபிராங்கோ பெயர்.

பனாக் 1945 ஆகஸ்ட் 31-இல் அந்த ஊரிலேயே இறந்தார். அவருடைய மூத்த தோழர் ஸ்டைன்ஹௌஸ் வ்ரோத்ஸ்வாஃபில் புது நோட்டு போட்டார். 153-ஆவது கணக்கை ஸ்வீடன்காரர் பெர் என்ஃப்லோ முடித்தார். 1972-இல் மஸூர் சொன்னபடி வாத்தைக் கையில் கொடுத்தார், வார்சாவில் வைத்து.