வாய்வு என்றதும் நின்ற கேள்வி

கம்பம் பள்ளத்தாக்கில் காரணம் தெரியாத வலிக்கு ஒருபோதும் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பி வாந்தி எடுக்கும் பிள்ளைக்குத் தொக்கம், அதாவது தின்றது உள்ளே சிக்கிவிட்டது. துள்ளி விளையாடிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் குடலேற்றம். நாளுக்கு நாள் மெலிந்துபோகும் வாலிபனுக்கு யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள். தொப்புளுக்கும் தொண்டைக்கும் நடுவில் பெரியவர்களுக்கு எங்கே பிடித்தாலும் அது வாய்வு. ‘தொக்கம் எடுக்கப்படும்’ என்ற பலகையைத் தேனி, மதுரைப் பக்கத் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். இதையெல்லாம் அறியாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் வரலாற்றைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம். தெரியாத நோய்க்குப் பெயர் வைத்ததில் தவறில்லை. பெயர் கிடைத்த நிம்மதியில் தேடுவதை நிறுத்தியதே தவறு. அந்தத் தவறில் தொக்கம் எடுப்பவர்களுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கும் உண்டு.

பழைய சித்த மருத்துவம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடக் கவனமாகவே இருந்தது. வயிற்று நோய்களைக் குன்மம் என்று தொகுத்து, அதை வாயு, வாதம், பித்தம், எரி, வலி, சத்தி, சன்னி, சிலேத்துமம் என 8 வகையாகப் பிரித்தது. எரிச்சல் முந்துகிறதா, வாந்தி முந்துகிறதா, வெறும் வலிதானா என்று நோயாளியைத் துருவிக் கேட்காமல் இப்படிப் பிரித்திருக்க முடியாது. அங்கே வாயு எட்டில் ஒன்று. மற்ற ஏழிலிருந்தும் பிரித்தறிந்து சொல்ல வேண்டியது. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரை வாட்டிய சூலையைச் சமணர்களின் வைத்தியத்தால் தீர்க்க முடியவில்லை என்கிறது பெரியபுராணம். வைத்தியத்துக்கு அடங்காத வயிற்றுவலி உண்டு என்று தமிழ்ச் சமூகம் ஒளிக்காமல் ஒத்துக்கொண்ட பழைய சாட்சி அது. பிற்பாடு வீட்டுப் பேச்சில் எட்டும் தேய்ந்து, வாய்வு ஒன்றே எல்லாவற்றுக்கும் பதிலாக நின்றுவிட்டது.

இனி ஆங்கில மருத்துவத்தின் கதை. அது உணவின் மேல் விழுந்த சந்தேகத்திலிருந்து தொடங்குகிறது. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் இறங்கியதிலிருந்து பள்ளத்தாக்கின் நெல் உறுதிப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் ஏழைகளின் உணவு மரவள்ளிக் கிழங்கு. அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியில், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் அறுவை மருத்துவராக இருந்தார். முன்சிறுகுடலில் புண்ணோடு வந்த நோயாளிகளின் எண்ணிக்கை அவரையே திகைக்க வைத்தது. குன்னூரில் உணவு ஆய்வாளர் ராபர்ட் மக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழையின் உணவையும் சென்னை மாகாண ஏழையின் உணவையும் கொடுத்துப் பார்த்தார். இரண்டிலும் வயிற்றுப் புண் வந்தது, கிழங்கு தின்றவற்றில் கூடுதலாக. 1964இல் ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா, கோதுமை தின்னும் வடக்கைவிட அரிசி தின்னும் தெற்கில் அல்சர் அதிகம் என்று எழுதினார். இவை நேர்மையான தேடல்கள். ஆனால் மருத்துவமனைச் சீட்டு வரைக்கும் வந்து சேர்ந்தது ‘காரம், கவலை, காலம் தவறிய சாப்பாடு’ என்ற மூன்று சொற்கள்தான். 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டியபோது, அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்று கேட்டு ஒதுக்கியவர்கள் மருத்துவர்களே. அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2005இல். உணவுக் கோட்பாடு முழுப் பொய்யும் அல்ல. கிருமி பலர் வயிற்றில் இருந்தும் சிலருக்கே புண் வருகிறது. ஆனாலும் அதுவரை மிளகாயின் மேல் பழி போட்டு எத்தனையோ பேரின் இரைப்பையில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: மருத்துவம் தன்னைத் திருத்திக்கொண்டது, தொக்கம் எடுப்பவர் திருத்திக்கொண்டாரா? நியாயமான கேள்வி. அவர் திருத்திக்கொள்ளாததற்குக் காரணம், அவர் முறை தோற்றதை அவர் பார்க்கவே இல்லை என்பது. குழந்தையின் அஜீரணம் இரண்டு நாளில் தானே சரியாகும். அல்சர் வலி சில வாரம் வாட்டிவிட்டு மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும். நாக்குப்பூச்சியால் வரும் வலியும் வந்து வந்து போகும். கடைசியாகச் செய்த வைத்தியத்துக்கே நல்ல பெயர் கிடைக்கிறது. குணமானவர் ஊரெல்லாம் சொல்கிறார், ஆகாதவர் பேசாமல் வேறு இடம் பார்க்கிறார். நீவிவிடும் கையின் ஆறுதலும் பொய்யல்ல. என்றாலும் ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்ற பெயரை என்னால் அவ்வளவு இரக்கத்தோடு பார்க்க முடியவில்லை. கேரளத்தில் இதையே கைவிஷம் என்பார்கள். சேர்த்தலைக்கு அருகே திருவிழா என்ற இடத்து மகாதேவர் கோயிலில் அதை வாந்தியாக எடுக்க இன்றும் மருந்து கொடுக்கிறார்கள். அதே கேரளத்தில் 1960களில் மருத்துவர் கீவர்கீஸ் இளைஞர்களிடம் ஒரு நோயை விரிவாகப் பதிவு செய்தார்: சின்ன வயதிலேயே தொடங்கும் வயிற்றுவலி, எலும்பும் தோலுமான உடல், கணையத்தில் கல், பிறகு சர்க்கரை நோய். கைவிஷத்துக்குச் சொல்லப்படும் அடையாளங்களோடு இவற்றை வைத்துப் பார்த்தால், பகையின் பெயரால் பல வீடுகளில் கணைய நோயும் குடல் காசநோயும் மறைந்து கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கீவர்கீஸ் காலத்தில் மரவள்ளியின் சயனைடு மேல் விழுந்த சந்தேகம்கூட நிலைக்கவில்லை. பிறகு மரபணு மாற்றங்கள் தெரிய வந்தன. மருத்துவம் அங்கே முதல் பெயரோடு நிற்கவில்லை.

மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்தபோது ஏழைகள் வேறென்ன செய்திருப்பார்கள் என்று கேட்டால், அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவருக்குப் பெரிய நோய் வந்தால் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. தேனிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2004இல்தான். ஆனால் வாய்வு என்று தள்ளப்படும் நெஞ்சு வலி விஷயத்தில் அந்தச் சமாதானம் இன்று செல்லாது. 1967இல் அதே மல்ஹோத்ரா, தெற்கத்திய ரயில்வே ஊழியர்களிடம் இதய நோய் பஞ்சாபியரைவிட ஏறக்குறைய 7 மடங்கு என்று எழுதியபோது பலர் வியந்தார்கள், ஏனென்றால் வடக்கே கொழுப்பு உண்பது அதிகம். இதயத்தின் நரம்புகளும் மேல்வயிற்றின் நரம்புகளும் முதுகுத்தண்டில் ஒன்றையொன்று தொட்டே நுழைகின்றன. அதனால் இதயத்தின் அடிப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் வலி மேல்வயிற்றில் தெரியலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் நெஞ்சு வலிக்காமலேயே வியர்வை, குமட்டல், பிடிப்பு என்று மட்டும் வரலாம். கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஜீப்பில் ஏறிப் போகும் அம்மாவுக்கு அப்படி வந்தால் கூட இருப்பவர்கள் சொல்லும் முதல் சொல் வாய்வு. பெருங்காயம் கரைத்த மோர், ஓமத் தண்ணீர், இல்லையென்றால் ஒரு சோடா. ஏப்பம் வந்து வலி அடங்கினால் அது வாய்வுதான் என்பது இங்கே தலைமுறைகளாக நம்பப்படும் சோதனை. மாரடைப்பிலும் ஏப்பம் வரும்; வலியும் சற்று நேரம் அடங்கும்.